இருளாயி பெட்டிக்குள் முப்பது பவுன்

அத்தியாயம் 9

பத்து மணிக்குப் பெட்டியைத் திறக்கப் போகிறார்கள். இப்போது மணி ஏழரை.

ஈஸ்வரி இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினாள். அதில் தண்ணீர் ஊற்றவில்லை என்பது தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை இருளாயி கோயிலில் பங்காளிகள் கூடிப் பூக் கேட்டபோது, எப்படியாவது சிவப்பு வந்துவிட வேண்டும் என்று அவள் கண்ணை மூடி நின்றாள். பூவங்குளத்தில் பெரிய முடிவு எதுவானாலும் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சாமி நகையை இனிமேல் வீட்டில் வைத்துக் காவல் காக்காமல் ராமநாதபுரத்தில் பேங்க் லாக்கரில் வைக்கலாமா என்பது கேள்வி.

வெள்ளை வந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். ஈஸ்வரி மட்டும் கும்பிட மறந்து நின்றாள்.

சாமி நகை இருப்பது அவள் வீட்டில்தான். அவள் கணவர் குருநாதன் இருளாயிக்குப் பூசாரி. அதனால் அந்த வீட்டுக்கே ‘பெட்டி வீடு’ என்று பேர். உள்ளறையில் பலா மரப் பெட்டி. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி குருநாதனிடம், மற்றது அவர் சித்தப்பா மகன் நாகேந்திரனிடம். வருசத்துக்கு ஒரு தரம், மாசிச் சிவராத்திரிக்கு மட்டும் பெட்டி திறக்கும். பெண்கள் தொடக்கூடாது.

அந்தப் பெட்டிக்குள் சாமி நகையோடு சேர்த்து, மகள் சிநேகாவின் கல்யாண நகை முப்பது பவுனும் இருக்கிறது. வைத்தவள் ஈஸ்வரி. அது வேறு யாருக்கும் தெரியாது.

எல்லாம் அந்த வாத்தியார் வீட்டுத் திருட்டால் வந்தது.

மாசி மாதம், மாரியூர் போகிற வழியில், பட்டப்பகலில் நடந்த திருட்டு. வந்தவர்கள் பீரோவை ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம். நேராக அரிசி டிரம். அதற்கடுத்து மிளகாய் வத்தல் சாக்கு. பொம்பளைகள் எங்கே ஒளிப்பார்கள் என்று கள்ளனுக்கு அத்துப்படி.

ஈஸ்வரியின் முப்பது பவுனும் அரிசி டிரம்மில்தான் இருந்தது.

மறுநாளே நகையைத் துண்டில் சுற்றித் தூக்குவாளியின் அடியில் போட்டு, மேலே தயிர்ச்சோற்றை அமுக்கி, ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினாள். அன்றைக்குப் பேங்கில் ஒரு லாக்கர்கூடக் காலி இல்லை. பேரை எழுதி வைத்துவிட்டுப் போங்கள், ஆறு மாசம் ஆகும் என்றார்கள். திரும்பி வரும்போது பக்கத்து சீட்டுக்காரி, “என்னத்தா, சோத்தைத் திங்காமலே வீட்டுக்குக் கொண்டு போறீக? வேண்டுதலா?” என்று கேட்டாள்.

வீட்டில் குருநாதன், “வச்சாச்சா?” என்றார்.

“வச்சாச்சு” என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குருநாதனுக்குத் தெரிந்தால் நாகேந்திரனுக்குத் தெரியும். நாகேந்திரனுக்குத் தெரிந்தால் சாயல்குடி டீக்கடை வரைக்கும் தெரியும். வீட்டில் முப்பது பவுன் இருக்கிறது என்ற பேச்சு ஒன்று போதும், அடுத்த திருட்டு இங்கேதான்.

ஐந்தாம் நாள் சிவராத்திரி. பூசை முடிந்து விடிந்ததும் பெட்டி வீட்டுக்கு வந்தது. பூட்டுவதற்கு முன்னால் ஆண்கள் குளிக்கப் போனார்கள். பெட்டி திறந்தபடி உள்ளறையில் இருந்தது. ஈஸ்வரி ஒரு நிமிசம் யோசித்தாள். அந்தப் பெட்டியில் கை வைக்கிற தைரியம் எந்தக் கள்ளனுக்கும் கிடையாது. கோயிலில் வீட்டுக்கு வீடு கொடுத்திருந்த மஞ்சள் துணியில் நகையை முடிந்தாள். அம்மனின் பட்டுக்கு அடியில் சொருகினாள். ஆண்கள் வந்து இரண்டு பூட்டையும் பூட்டினார்கள்.

அடுத்த சிவராத்திரி வரைக்கும் நிம்மதி என்று நினைத்தாள். ஆனி மாதமே திறப்பார்கள் என்று யார் கண்டது?

“என்ன கருகுது?”

குருநாதன் அடுக்களை வாசலில் நின்றார். தோளில் துண்டு. கோயில் கிணற்றில் குளிக்கக் கிளம்பிவிட்டார்.

“ஒண்ணுமில்ல. தண்ணி வத்திருச்சு.”

“லாக்கர் சாவிய எடுத்து வையி. சாமி நகைய வைக்கப் போற கையோட நம்ம சிநேகா நகையையும் எடுத்துட்டு வந்துருவோம். வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைக பாக்கணும்பாக.”

இல்லாத லாக்கருக்கு எங்கே போய்ச் சாவி எடுப்பாள்?

“ஏங்க, ஒரு விசயம்...”

“என்ன?”

அவர் முகமும் சரியாக இல்லை. இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் என்ன ஆவார்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஈஸ்வரி வாயைத் திறந்தாள்.

“அண்ணே!” என்று வாசலில் சத்தம் கேட்டது. நாகேந்திரன். சட்டைப் பையில் புதுப் பேனா, கையில் நோட்டு. “கார் சொல்லியாச்சு. பத்து மணிக்குத் தொறந்து, எழுதி, பன்னெண்டுக்குள்ள பேங்குல நிக்கணும். பிந்துனா மேனேஜர் சாப்பிடப் போயிருவாரு.”

“வாரேன்டா. நீ உக்காரு.”

“மதினி, காப்பி உண்டா? என்ன, மூஞ்சி இப்படிக் கெடக்கு? பெட்டி போனா மரியாதையும் போயிரும்னு கவலையா?”

“பெட்டி எங்க போகுது? நகைதான போகுது” என்றாள் ஈஸ்வரி.

“அப்படிச் சொல்லுங்க. அண்ணனுக்குத்தான் மனசில்ல. அன்னிக்குக் கூட்டத்துல, லாக்கர் வேணாம் வேணாம்னு என்ன சண்டை! பேங்குக்காரன் என்னமோ இவர் கிட்னியக் கேட்ட மாதிரி.”

“சும்மா கெடடா” என்று சொல்லிவிட்டுக் குருநாதன் வேகமாக வெளியேறினார். ஈஸ்வரி நாகேந்திரனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

சிநேகா தலையைப் பின்னிக்கொண்டு உள்ளே வந்தாள். ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

“அம்மா, ஏன் அழுகுற?”

ஈஸ்வரி அடுக்களைக் கதவைச் சாத்தினாள். கிசுகிசுப்பாக, எல்லாவற்றையும் மகளிடம் கொட்டினாள்.

பின்னிய ஜடையின் நுனி சிநேகாவின் கையிலேயே இருந்தது.

“சாமி பெட்டியவா லாக்கராக்குன?”

“கத்தாதடி. ஒங்க சித்தப்பா வெளிய இருக்காரு.”

“நகைய எடுத்துட்டு ஒரு மன்னிப்புக் கேட்டாத் தீந்துச்சு. தெரியாம வச்சுட்டேன்னு சொல்லு. தலையவா வாங்கிருவாக?”

“ஒனக்குப் புரியல. பெட்டிக்குள்ள போனது சாமிக்கு. திரும்ப வெளிய வராது. கூத்தையா மாமா சின்ன வயசுல பெட்டியத் தூக்கையில அவர் வாட்ச் கழண்டு உள்ள விழுந்துருச்சு. அவுக அய்யா தொடக்கூடாதுன்னுட்டாரு. இன்னும் உள்ளதான் கெடக்கு. வாட்ச்சுக்கே அப்படி. முப்பது பவுனு! உண்டியல்ல போட்ட மாதிரிதான்.”

இப்போதுதான் சிநேகாவின் முகம் மாறியது. வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை பிரபாகரன் வாலிநோக்கம் உப்பளத்தில் சூப்பர்வைசர். நகை எதுவும் வேண்டாம் என்று அவன் சொன்னது உண்மைதான். அவன் அம்மா அப்படிச் சொல்லவில்லை. அந்த முப்பது பவுன், பதினெட்டு வருசம் மிளகாய் விற்ற காசில், வருசத்துக்கு இரண்டு பவுன் ஒரு பவுன் என்று அம்மா சேர்த்தது. மழை பொய்த்த வருசம் அரைப் பவுன்.

“சாவி?”

“ஒண்ணு அய்யா மடியில. இன்னொண்ணு சித்தப்பா அரைஞாண் கயித்துல.”

“பெட்டிக்குள்ள யாரு கை விடுவா?”

“ஒங்கய்யா மட்டும்தான். வேற யாரும் தொடக்கூடாது.”

“அப்ப அய்யாவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சாப் போதும். பட்டுத் துணிய அசைக்காம சாமி நகைய மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் பூட்டிருவாரு. மத்தத அப்புறம் யோசிப்போம்.”

“அவரு கெணத்துக்குப் போயிட்டாரே! குளிச்சதும் வாயக் கட்டிருவாக.”

மூச்சுக்காற்று சாமி மேல் படக்கூடாது என்று பூசாரி வாயைத் துணியால் கட்டிக்கொள்வது வழக்கம். கட்டினால், பெட்டியைத் திறந்து மறுபடி பூட்டுகிறவரை ஒரு சொல் பேசக்கூடாது.

“கட்டுறது வாயத்தானம்மா, காத இல்லையே” என்றாள் சிநேகா. ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கருவேலங்காட்டுப் பாதையில் ஸ்கூட்டி இரண்டு இடத்தில் சறுக்கியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது குருநாதன் ஈர வேட்டியோடு நின்றார். பங்காளிகளில் மூத்தவரான கூத்தையா, அவர் பிடரியில் வெள்ளைத் துணியின் கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏத்தா, நீ எங்க இங்கன?” என்றார் கூத்தையா.

“சும்மா... அய்யாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு.”

“நல்லாருக்கு! சாமித் தண்ணியோட ஸ்கூட்டியில போறதா? நடந்துதான் வரணும். வழிய விடு.”

கூத்தையா மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் தோளில் குடத்தோடு குருநாதன். சிநேகா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு அப்பா பக்கத்தில் போனாள். மணிச் சத்தம் நல்லதாகப் போயிற்று.

“அய்யா, தலைய ஆட்டாம கேளுங்க. என் நகை லாக்கர்ல இல்ல. அம்மா பெட்டிக்குள்ள வச்சிருக்கு.”

குருநாதன் நின்றார். குடத்துத் தண்ணீர் தளும்பி மார்பில் வழிந்தது.

“சிவராத்திரி அன்னிக்கு வச்சிருக்கு. பட்டுத் துணிக்கு அடியில, மஞ்சத்துணி முடிச்சு. நீங்க பட்ட மட்டும் அசைக்காதீக. மேல இருக்குறத எடுத்துக் குடுத்துட்டுப் பூட்டிருங்க. சரியா?”

அவர் கண்கள் விரிந்தன. சிநேகா கோபத்தை எதிர்பார்த்திருந்தாள். அது கோபம் இல்லை. பயம். வலது கை மெல்ல உயர்ந்து வாய்க்கட்டின் முடிச்சைத் தொட்டது. அவிழ்க்கப் போகிறாரோ என்று நினைத்தாள்.

“ஏலே குருநாதா, வெயிலேறுது!” என்று முன்னாலிருந்து கூத்தையா குரல் கொடுத்தார்.

கை இறங்கியது. அவர் மகளைப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார்.

சரி என்றாரா, மாட்டேன் என்றாரா? சிநேகாவுக்குத் தெரியவில்லை.

உள்ளறையில் பதினைந்து பேர். பெண்கள் நடையில் நின்றார்கள். ஈஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிநேகா கூட்டத்தைப் பிளந்து வந்து அவள் காதில், “சொல்லிட்டேன்” என்றாள்.

“என்ன சொன்னாரு?”

“வாயக் கட்டிருந்துச்சு.”

சூடம் ஏற்றினார்கள். நாகேந்திரன் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துத் தன் பூட்டைத் திறந்தான். குருநாதன் தன் சாவியைப் போட்டார். சாவி துவாரத்தைக் கண்டுபிடிக்க நேரமானது.

மூடி திறந்தது. பழைய விபூதியும் பலா மரமும் கலந்த வாசனை வந்தது.

குருநாதன் ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். கூத்தையா பேர் சொன்னார். நாகேந்திரன் எழுதினான்.

“தங்கக் கண்மலர் ஒரு ஜோடி.”

“எழுதியாச்சு.”

“காசுமாலை ஒண்ணு. வெள்ளி அரிவா ஒண்ணு.”

“எழுதியாச்சு. அடுத்து?”

“பழைய வாட்ச் ஒண்ணு” என்றார் கூத்தையா. குரல் கொஞ்சம் இறங்கியது. யாரோ சிரித்தார்கள். “சிரிக்காதீகடா. அது சாமியோடது. எழுது.”

அவ்வளவுதான். மேலே இருந்தது முடிந்தது. குருநாதன் பெட்டியின் மூடியில் கை வைத்தார். ஈஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூடுங்கள். மூடிவிடுங்கள்.

“அண்ணே, இருங்க” என்றான் நாகேந்திரன். “பட்டையும் எடுங்க. அடியில மணி கிணி உதுந்து கெடக்கும். ஒரு குன்றிமணி விட்டுப்போனாலும் நாளைக்கு ஆளாளுக்குப் பேசுவானுக.”

குருநாதன் அசையவில்லை.

“என்னண்ணே?”

அவர் தலையை இடவலமாக ஆட்டினார். வேண்டாம்.

“ஏன் வேணாம்? பெரியப்பா, நீங்க சொல்லுங்க. எழுதுனா முழுசா எழுதணும்ல?”

கூத்தையா பூசாரியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். “அவன் சொல்றது சரிதான். பட்ட எடுப்பா.”

பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருநாதன் கண்ணை மூடினார். இரண்டு கையாலும் பட்டைத் தூக்கினார்.

நாகேந்திரன்தான் எட்டிப் பார்த்தான்.

“இதென்ன முடிச்சு?”

“அது என் மக நகை!”

தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று ஈஸ்வரியே எதிர்பார்க்கவில்லை. ஆண்கள் விலகினார்கள். அவள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

“நான்தான் வச்சேன். அவுகளுக்குத் தெரியாது. கள்ளனுக்குப் பயந்து வச்சேன். தப்புதான். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஊரவிட்டுத் தள்ளி வைங்க. என் மக நகையக் குடுத்துருங்க மாமா.”

“பொம்பள கைய வச்சுட்டியா?” கூத்தையாவின் உதடு துடித்தது. “பெட்டிக்குள்ள போனது யாருக்குன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“என் வாட்ச்சுக்கு நான் அழுதேன். எங்கய்யா குடுக்கல. ஒனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

“அழுதது வாட்ச்சுக்குத்தான தாத்தா? இது எங்கம்மா பதினெட்டு வருசம் வெயில்ல நின்னது” என்றாள் சிநேகா.

“நீ பேசாதத்தா.”

“பெரியப்பா” என்றான் நாகேந்திரன். அவன் குரலில் கேலி காணாமல் போயிருந்தது. இன்னும் பெட்டிக்குள்ளேயேதான் பார்த்துக்கொண்டிருந்தான். “மதினி, நீங்க எத்தனை முடிச்சு வச்சீக?”

“ஒண்ணு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணுதான். முப்பது பவுனும் ஒரே முடிச்சு.”

“இங்க ரெண்டு கெடக்கு.”

ஈஸ்வரி பெட்டியருகே போனாள். யாரும் தடுக்கவில்லை. ஒரே மாதிரி மஞ்சள் துணி, ஒரே அளவு முடிச்சு, ஒன்று இந்த மூலையில், ஒன்று அந்த மூலையில்.

“என் சாவி என் இடுப்ப விட்டு எறங்கல” என்றான் நாகேந்திரன், யாரும் கேட்காமலே. “சத்தியமாச் சொல்றேன்.”

“அப்ப இன்னொண்ணு யாரோடது?” கூத்தையா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். “வச்சவுக இப்பவே சொல்லிருங்க.”



குருநாதன் குனிந்தார். இடது மூலையில் இருந்த முடிச்சை எடுத்து ஈஸ்வரியின் காலடியில் வைத்தார். மற்றதை எடுத்தார். அதைத் தாம்பாளத்தில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏலே...” என்றார் கூத்தையா.

வாய்க்கட்டுக்கு மேலே குருநாதனின் கண்கள் மனைவியை மட்டும் பார்த்தன. கெஞ்சின.

காலடியில் கிடந்த முப்பது பவுனைக் குனிந்து எடுக்கக்கூட ஈஸ்வரிக்குத் தோன்றவில்லை.

“அதுல என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

பெட்டி இன்னும் பூட்டப்படவில்லை. அவர் பேசக்கூடாது.

“யாருக்காக வச்சீக?”

முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தார் குருநாதன்.